பாகு ஊற்றிய பாத்திகள்

கோல்டர் மில், ஜார்ஜியா
அக்டோபர் 12, ஞாயிறு

கர்த்தருக்குள் என் அருமை மகள் ரெனிட்டாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் நலமாயிருக்க வேண்டும் என்று காலையில் சபையில் ஜெபித்துவிட்டு வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாராவாரம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ டுலூத் குளிரைச் சொல்கிறாய், நான் இங்கத்து மழையைச் சொல்கிறேன், பத்து நிமிடத்தில் வைத்துவிடுகிறோம். ஒரு வருஷமாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே வைத்துவிடுகிறேன். எழுத ஆரம்பித்தால் பாதியில் வைக்க முடியாது என்றுதான் பேனாவை எடுத்தேன்.

சிவப்பு மாடு போன வாரம் கன்று போட்டது. கிடேரி. பெக்கான் மரத்தில் இந்த வருஷம் காய் அதிகம். பொறுக்க ஆள் இல்லை. தீவனக் கடை கிளீவ் உன்னை விசாரித்தான். ஓட்டல் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள் என்றேன். இவ்வளவு படித்த பிள்ளை சாவி எடுத்துக் கொடுக்கிறாளா என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, மாடு நக்குகிற உப்புக்கட்டி ஒன்றைச் சும்மா வண்டியில் தூக்கி வைத்தான்.

சுற்றி வளைக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். சரி, சொல்கிறேன்.

போன வருஷம் மே மாதம், மரக் கம்பங்கள் உளுத்துப்போகாமல் இருக்கத் தார் ஏற்றும் பழைய யார்டில், நம் வேலிக்குப் பின்னால், நீ இரண்டு பாத்தி போட்டாய். ஒன்றில், மண்ணில் ஊறிய தாரைத் தின்பதற்கென்று நீ வளர்த்த கிருமிகளைக் கலந்தாய். இன்னொன்றை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டாய். வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர், மாதம் ஒரு முறை நீ அளந்து கட்டி வைத்த உரப்பை. அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினாய். போகும்போது காரில் உட்கார்ந்துகொண்டு சிரித்தபடி சொன்னாய்: "வேற எதுவும் குடுத்துடாதீங்கப்பா. இதுங்க பட்டினி கெடந்தாத்தான் தார திங்கும்."

எனக்கு அந்தப் பட்டினி என்ற சொல் பிடிக்கவில்லை. என் கொட்டிலில் எந்த ஜீவனும் பட்டினி கிடந்ததில்லை. வேலை வாங்குகிற மாட்டுக்கு முதலில் தீனி, பிறகுதான் நுகம் என்று வளர்ந்தவன் நான். நீ சொன்னதை ஏதோ படித்தவர்கள் பேசும் வேடிக்கை என்று எடுத்துக்கொண்டேன். வேறு எதுவும் என்றால் பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ என்று நினைத்தேன். தீனியை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மாட்டுக்கு வாங்கிய கரும்புப்பாகு ஒரு பீப்பாய் இருந்தது. அதில் ஒரு வாளியைத் தண்ணீரில் கரைத்து, வாரா வாரம் பாத்தியில் ஊற்றினேன். ஒன்றுக்கு மட்டும் ஊற்றினால் ஓரவஞ்சனை ஆகிவிடும் என்று இரண்டு பாத்திக்கும் சமமாக ஊற்றினேன். கிருமிகள் கொழுத்து, தாரைத் தின்று தீர்த்து, நீ வந்து பார்த்து அசந்துபோக வேண்டும் என்று ஆசை. உன் அம்மா சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்துவிட்டு, பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டுக்கோ என்றாள். நான் கேட்கவில்லை.

செப்டம்பரில் நீ மண் எடுத்துப்போய்ப் பரிசோதித்தாய். கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகியிருந்தன. தார் துளியும் குறையவில்லை. அந்தச் சனிக்கிழமை நீ வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் சொன்னது ஒரு எழுத்து விடாமல் எனக்கு நினைவிருக்கிறது.

"யாரோ சர்க்கரை குடுத்து வளத்த மாதிரி நடந்துக்குதுங்கப்பா. ஆனா அந்த மண்ணுல சர்க்கரைக்கு எங்க போகும்?"

நான் அப்போது சோளரொட்டியைப் பாகில் தோய்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது, ரெனிட்டா. நான் வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் வாய் நிறைய ரொட்டி இருந்தது.

மறுநாளே பாகை நிறுத்திவிட்டேன். ஆனால் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. பாகுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நவம்பரில், யார்டை எப்படிச் சுத்தம் செய்வது என்று முடிவு செய்யும் அரசாங்கக் குழுவின் முன்னால் நீ எழுந்து நின்றாய். வேறு யாராவது மழை மேலேயோ மண் மேலேயோ பழியைப் போட்டிருப்பார்கள். நீ, ஆய்வகத்தில் செய்ததை என் கிருமிகள் வெளியில் செய்யவில்லை, தவறு என்னுடையது, திட்டத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றாய். கடைசி வரிசையில் உன் அம்மா தலையில் துணி கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நீ பேசி முடித்ததும் அவள் என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அப்படிச் செய்தது அன்றுதான்.

ஆராய்ச்சியை விட்டுவிட்டு நீ டுலூத் கிளம்பும்போது நான் உன் பெட்டியைத் தூக்கி வைத்தேன். "கிருமி பொய் சொல்லாதுப்பா, நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன்" என்றாய். அப்போதும் நான் ரோட்டைப் பற்றித்தான் பேசினேன். பனியில் பார்த்து ஓட்டு என்றேன்.

அக்டோபர் 13, திங்கள்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

இருபத்தாறு வருஷம் அந்த யார்டில் கம்பத்துக்குத் தார் ஏற்றினேன். அந்தத் துணியை எல்லாம் உன் அம்மா கையால் துவைத்தாள். அவள் நோய்க்கு அதுதான் காரணமா என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் நீ எதற்காக இந்தப் படிப்புக்குப் போனாய் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்தப் பாத்தி பலிப்பதைப் பார்க்க வேண்டும் என்பது அவளுக்கு இருந்த ஒரே ஆசை.

மார்ச்சில், போவதற்கு நாலு நாள் முன்னால், என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னாள்: "நான் கண்ண மூடுறதுக்குள்ள அவகிட்ட சொல்லிடு ஓஸெல். தோத்துப் போனவன்னு நெனச்சுக்கிட்டு எம்பிள்ள என் பெட்டி முன்னாடி நிக்கக் கூடாது." சொல்கிறேன் என்று சத்தியம் செய்தேன். நீ வந்தாய். அப்படி நினைத்துக்கொண்டேதான் நின்றாய். நான் உன் பக்கத்தில் நின்றேன். அடக்கம் முடிந்து, சபைப் பெண்கள் கொண்டுவந்த கீரையையும் கோழியையும் சாப்பிட்டு, நீ விமானம் ஏறினாய். உன் அம்மாவுக்கு, என் ஏர்லீனுக்கு, நான் கொடுத்த கடைசி வாக்கு அது.

ஆகஸ்டில் உன் அறையைச் சுத்தம் செய்யும்போது உன் ஆய்வேடு கிடைத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன். புரிந்ததைச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. தாரில் இருப்பதெல்லாம் வளையம் வளையமான கரி. அதை உடைக்கக் கிருமியிடம் ஜீன் இருக்கிறது. ஆனால் அந்த ஜீன் எப்போதும் வேலை செய்யாது. அதன் வாசலில் ஒரு புரதம் காவல் உட்கார்ந்திருக்கிறது. வளையத்தின் துண்டு வந்து அதைத் தொட்டால்தான் அது அசைந்து கொடுத்து, ஜீனை எழுப்பிவிடும். அப்படி எழுந்தாலும், பக்கத்தில் சுலபமான தீனி இருந்துவிட்டால் இன்னொரு புரதம் வந்து வேலைக்கான உத்தரவை அமுக்கிவிடும். நல்ல தீனி தீரும்வரை வளையத்தை உடைக்கும் வேலை நடக்காது.

மூன்றாம் அத்தியாயத்தில் இதை நீயே எழுதியிருக்கிறாய். நாலு வருஷம் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறாய். உன் கிருமிகள் நீ எழுதியபடிதான் நடந்திருக்கின்றன. ஒரு இம்மிகூடத் தவறவில்லை. தவறினது உன் அப்பன்.

ஏட்டின் கடைசியில் நீ குறித்திருந்த செப்டம்பர் அளவுகளில் இன்னொன்றும் பார்த்தேன். கிருமி போட்ட பாத்தியின் வடகிழக்கு மூலையில் தார் பாதியாகக் குறைந்திருந்தது. அந்த ஒரு எண்ணை நீ சிவப்புப் பேனாவால் அடித்து, அளவுப் பிழை என்று எழுதியிருக்கிறாய். அந்த மூலைக்கு மேலே பெக்கான் மரத்தின் கிளை தாழ்ந்திருக்கும். குனிய இடுப்பு வலிக்கும் என்று அங்கே பாகு ஊற்றாமல் விட்டுவிடுவேன். தண்ணீர் மட்டும் குழாயில் போகும்.

அக்டோபர் 15, புதன்

போன மாதம் நீ விட்டுப்போன கருவிப் பெட்டியில் இருந்த மண் கரண்டியை எடுத்து, நீ எடுக்கிற மாதிரியே பாத்திக்கு ஏழு இடத்தில் மண் எடுத்து, கண்ணாடிப் புட்டியில் போட்டு, நீ வழக்கமாக அனுப்பும் பரிசோதனைக் கூடத்துக்கே அனுப்பினேன். நேற்று பதில் வந்தது. ஒரு வருஷமாகப் பாகு இல்லை. உன் கிருமிகள் உள்ள பாத்தியில் தார் பத்தில் எட்டுப் பங்கு போய்விட்டது. மற்றதில் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது. தாளை இதோடு வைத்திருக்கிறேன். உன் அம்மா இருந்திருந்தால் அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருப்பாள்.

இன்று காலை அரசாங்க ஆபீசுக்குப் போய் ஹாஸ்கின்ஸைப் பார்த்தேன். அந்தக் குழுவில் இருந்தாரே, அவர்தான். நான் செய்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மாட்டுத் தீவனமா என்று இரண்டு முறை கேட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "இத அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நவம்பர் 3ஆம் தேதி யார்டு முழுவதையும் களிமண் போட்டு மூடி, மேலே தார் ரோடு மாதிரித் தளம் போடப் போகிறார்களாம். அப்புறம் காற்றுப் போகாது. உன் கிருமிகள் உள்ளேயே செத்துவிடும், தோற்றுப்போன திட்டம் என்ற பெயரோடு. அதை நிறுத்த என் கையெழுத்து செல்லாது. வாபஸ் வாங்கியவள் நீ. மறுபடி எடுத்துக்கொள்ளும் மனுவில் நீதான் கையெழுத்திட வேண்டும், இந்த மாதம் 31ஆம் தேதிக்குள். மனுவும், அஞ்சல் தலை ஒட்டிய உறையும் இதோடு இருக்கின்றன.

என்னை மன்னித்துவிடு என்று இதில் எங்கேயும் எழுதவில்லை, கவனித்திருப்பாய். கேட்கிற தகுதி எனக்கு இல்லை. உன் அம்மா உயிரோடு இருக்கும்போது சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். என் மேல் உள்ள கோபத்தில் அந்த மனுவைக் கிழித்துவிடாதே, அதுதான் நான் கேட்பது. நீ வீட்டுக்கு வர வேண்டாம். என்னோடு பேசவும் வேண்டாம். கையெழுத்து மட்டும் போடு, கண்ணே. நீ சிவப்பில் அடித்த அந்த மூலை ஒன்றுதான் சரியாக இருந்தது.

கர்த்தர் உன் கை வேலையை வாழவைக்கட்டும். குளிரில் காதை மூடிக்கொள்.

இப்படிக்கு,
ஓஸெல் பேட்டில்

பின்குறிப்பு: அப்பா என்று போடத்தான் நினைத்தேன். அதை நீ சொல்லித்தான் இனி நான் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நீ கூப்பிடாவிட்டால் புரிந்துகொள்வேன். நாலு மணிக்குப் போன் பக்கத்தில்தான் இருப்பேன்.