உன் கழனியின் ஏழாம் வருஷம்

இன்று காலை ஒரு மாட்டு வண்டி கழனி உரத்துக்குக் கொளுஞ்சித் தழை ஏற்றிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் சைக்கிளை நிறுத்திவிட்டேன். ஊரே நாற்று விட்டுக்கொண்டிருந்த வருஷம், உன் ஒரு ஏக்கரில் மட்டும் கொளுஞ்சி மண்டிக் கிடந்ததே, அந்த வாடை. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. தழை வாடைக்கெல்லாம் கண் கலங்குகிறது எனக்கு. வீட்டில் சளி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. இரண்டு வருஷம் காய்ந்து கிடந்த ஏரி நிரம்பி, கலங்கலில் தண்ணீர் வழிந்தது. உத்திரமேரூர்ப் பக்கம் ஏரி நிரம்பினால் மனிதன் சாப்பிடக்கூட உட்காரமாட்டான். நீயோ மதகுக் கல்லில் சாவகாசமாக உட்கார்ந்து வேதக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். உங்களுடையது தாத்தா காலத்திலிருந்தே சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீடு. ஆனால் மற்றவர்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேதக்காரர்கள். நீ ஏழு நாளும்.

"ஆறு வருசம் வெதைக்கணும். ஏழாவது வருசம் நெலத்த சும்மா வுடணும்டா. இப்டி ஏழு தபா ஏழு முடிஞ்சா, அம்பதாவது வருசம் யூபிலி, பெரிய ஓய்வு."

"வுடலன்னா?"

"வுடலையே! வேதத்துல வர்ற ஜனங்க நானூத்தித் தொண்ணூறு வருசம் ஏமாத்தினாங்க. எழுபது ஓய்வு பாக்கி. பாபிலோன் ராஜா வந்து அவங்கள வாரிக்கினு போயிட்டான். எழுபது வருசம் ஊரு பாழாக் கெடந்துது. நெலம் தன் ஓய்வத் தானே எடுத்துக்கிச்சி."

"என் வாய்க்கும் ஏழு வருசத்துக்கு ஒருக்கா ஓய்வு உண்டா?"

"ஒன் வாய்க்கு நேரா யூபிலிதாண்டா."

சிரித்தேன். அடுத்து நீ சொன்னதில் சிரிப்பு நின்றது. பாகம் பிரிந்து அந்த நிலம் உன் கைக்கு வந்து அது ஏழாவது வருஷமாம். விதைக்கமாட்டாயாம்.

இந்தச் சேதியை நான் டீக்கடையில் இரண்டே பேரிடம்தான் சொன்னேன். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. போதகர்கூட வந்து, "அது அந்த தேசத்துக்குச் சொன்னதுப்பா, நீ விதை" என்றார். "அந்தத் தேசத்து மண்ணுக்கு அசதி வரும், நம்மூரு மண்ணுக்கு வராதாங்கய்யா?" என்றாய். பாவம், அவர் வந்த சைக்கிளிலேயே திரும்பிப் போனார்.

எனக்குத் தெரியும், உன் வீட்டு நெற்குதிரில் எலிகூட எட்டிப் பார்ப்பதில்லை. இரண்டு பெண் குழந்தைகள். உன் மனைவி எஸ்தர், எனக்குத் தங்கச்சி முறை, கூலிக்கு என் கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் போகமும் போனால் குடும்பத்தோடு மதராசுக்குப் பிழைக்கப் போகவேண்டியதுதான். உனக்குப் புத்தி சொல்லலாம் என்று மதகுக்கு வந்தேன். அப்போதுதான் தங்கச்சி முழங்கால் சேற்றோடு கரையேறி வந்தாள்.

"ணா, ஒங்க சிநேகிதர ஒண்ணு கேளுங்க. ஏரி காஞ்ச ரெண்டு வருசம் நாம இன்னா வெதைச்சோம்?"

"இன்னாத்த வெதைக்கிறது? ஒண்ணும் இல்ல," என்றாய் நீ.

"நாம பட்டினி கெடந்தோம். நெலம் இன்னா பண்ணிக்கினு இருந்துச்சி? கால நீட்டிப் படுத்துக்கினுதானே இருந்துச்சி? பாபிலோன் கதைய நீதானே சொன்ன?"

நீ அவளைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். குச்சியை எடுத்துக் கரை மண்ணில் கோடு போட்டாய், அழித்தாய், மறுபடி போட்டாய். திடீரென்று கெக்கெக்கே என்று சிரித்தாய்.

"அது தூங்கி எயுந்திருச்சிடா! நாந்தான் ஒக்காந்து தாலாட்டிக்கினு கீறேன்."

அப்புறம் ஒரே ஓட்டம். கொளுஞ்சியை அப்படியே மடக்கி உழுதாய். உன்னிடம் நாற்று ஏது? மிச்ச நாற்றைக் கேட்டு வந்தவனுக்கு இல்லை என்று சொல்கிற வழக்கம் நம் ஏரிப் பாசனத்தில் இல்லை. என்னிடம் கொஞ்சம், அவரிடம் ஒரு கட்டு, இவரிடம் ஒரு கட்டு. ஆளுக்கு ஒரு ரகம். பயிர் ஒரு பக்கம் இடுப்பளவு, ஒரு பக்கம் முட்டியளவு. ஒன்று பழுக்கும்போது ஒன்று பால் பிடித்தது. ஊர் சிரித்தது. "யோசேப்பு சட்டை மாரி பல வர்ணமா கீதுல்ல?" என்று நீயும் பெருமையாகக் காட்டினாய். மூன்று தவணையாக அறுத்தீர்கள். மதராசுக்கு யாரும் போகவில்லை.

ஆனாலும் உனக்கு மனம் கேட்கவில்லை. அந்த வருஷம் முதல் ஈசானி மூலையில் ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தை நடாமலே விட்டாய். "மொத்தமும் முடியாதவன் இதையாச்சும் வுடணும்டா."

நீ போன பிறகு வந்த நடவில், அந்த மூலைக்கும் நாற்றோடு குனிந்த பெண்களைத் தங்கச்சி கைகாட்டித் தடுத்துவிட்டாள். மேல் கழனியில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் எனக்கு நடவு. எனக்கு வேதமும் தெரியாது, ஏழாம் வாய்ப்பாட்டில் பாதிக்கு மேலும் தெரியாது. இருந்தும் ஒரு மூலையில் போய் நின்றுகொண்டேன். "இன்னாங்க, அங்க நட வாணாமா?" என்று ஒருத்தி சத்தமாகக் கேட்டாள்.

"மெதுவாப் பேசும்மா," என்றேன். "தூங்குது."