ஷெரிப்பின் அழுகை

மாத்தளை,
2024 செப்டம்பர் 2

அன்புள்ள மச்சான் நிமலனுக்கு,

நீயும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமில்லை. இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. இனி என் குரலை உனக்கு அனுப்பமாட்டேன்.

நீ நெட்டில் போட்ட எட்டாம் பாகம் கேட்டேன். அமெரிக்காவின் பழைய வானொலிக் கௌபோய் நாடகங்களை நெட்டில் தேடித் தேடிக் கேட்டு, கூட்டாளிகள் நாம் இரண்டு பேரும் ஆசையாகத் தமிழில் செய்துவரும் நாடகம். நான் ஊர்க்காவல் அதிகாரி ஷெரிப். குதிரைக் குளம்புக்கு நீ சிரட்டை தட்டுவாய். கொள்ளையர் தன் மனைவியைச் சுட்ட பிறகு ஷெரிப் அழும் இடம் மட்டும் எனக்கு வரவே இல்லை. சரி விடு என்றாய்.

இப்போது ஷெரிப் அழுகிறான். அது என் மனைவி றிஸ்லா மௌத்தான அன்று உனக்கு வட்ஸ்அப்பில் நான் அனுப்பிய அழுகை. ஜனாஸா வீட்டில் ஓலம் வைக்கக்கூடாது என்று ஸபூராக, பொறுமையாக இருந்தேன். உன்னிடம் மட்டும்தான் உடைந்தேன். அவளுடைய பெயரை வெட்டிவிட்டு, பின்னணியில் சிரட்டையைத் தட்டியிருக்கிறாய். எப்படியடா மனம் வந்தது?

மகள் அஸ்ராவும் கேட்டுவிட்டாள். “உம்மாட ஜனாஸாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல்ல. நாடகத்துக்கு மட்டும் இப்படி அழுறீங்களா வாப்பா?” என்கிறாள். நான் சொல்வதை நம்புகிறாள் இல்லை. என் பழைய போனோடு அந்தப் பதிவும் போய்விட்டது. உன்னிடம் இருப்பதை அவளுக்குப் போட்டுக் காட்டு, உண்மையைச் சொல்லு. வேறொன்றும் வேண்டாம்.

ஹுஸ்னி

எல்கடுவ,
2024 செப்டம்பர் 9

அன்பு மச்சான் ஹுஸ்னி,

கடிதம் கண்டு பதறிப்போனேன். இங்கே மழை, தோட்டத்து லயத்துப் பக்கம் கரண்டும் இல்லை.

எடுத்தது பிழைதான். ஆனால் கேட்டவர்கள் எல்லாம் ஷெரிப் உருக்கிவிட்டார் என்கிறார்கள். கனடாவிலிருந்துகூட எழுதுகிறார்கள். உனக்கும் பெருமைதானே? றிஸ்லா தங்கச்சி இருந்தால் சந்தோசப்பட்டிருக்கும்.

அஸ்ராவுக்குக் கோல் எடுத்தேன். “மாமா, அது வாப்பா நடிச்சதா?” என்று பிள்ளை நேரே கேட்டது. மௌத் வீட்டு அழுகையைத் திருடினேன் என்று எந்த முகத்தோடு சொல்ல? “ஆமா மகள், ஒங்க வாப்பா நல்லா நடிப்பாரு” என்று சொல்லிவிட்டேன். முழுப் பதிவை வெட்டிய கையோடு அழித்துவிட்டேன். சின்னப் பிள்ளை, மறந்துவிடும். ஒன்பதாம் பாகத்துக்கு எப்போது வருகிறாய்?

உன் நிமலன்

மாத்தளை,
2024 செப்டம்பர் 16

நிமலன்,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை.

அழுகையைத் திருடியதை என்றாவது மன்னித்திருப்பேன். நாடகப் பைத்தியம் எனக்கும் உண்டு. ஆனால் உன் மானத்தைக் காப்பாற்ற, பெற்ற பிள்ளையிடமே என்னைக் காட்டிக்கொடுத்தாயே. கூட இருந்து குழி பறிப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இப்போதுதான் விழுந்து பார்க்கிறேன். ஷெரிப்புக்கு வேறு ஆளைப் பார். இந்தப் பக்கம் வராதே.

நேற்று றிஸ்லாவுக்காகக் குர்ஆன் கத்தம் ஓதினோம். வந்தவர்கள் போன பிறகு அவளுடைய உடுப்புகளை மடித்து வைக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை. அஸ்ராவுக்கு முன்னாலேயே விம்மி விம்மி அழுதேன்.

அவள் வாசலில் நின்று பார்த்தாள். “நல்லா செய்றீங்க வாப்பா” என்று சொல்லிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஹுஸ்னி