நீங்கள் பூசிய விரிசல்கள்

மதினி,

மாடியில் கொத்து வேலை நடக்கிறது. ஈர சிமெண்ட் வாசம் வீடு முழுக்க. எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நீங்களும் அண்ணனிடம் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது; உங்கள் மேல் உள்ள கோபம் மட்டும் போகவில்லை.

அண்ணன் இறந்த பிறகு பரளச்சியில் அந்தப் பாறைக் கிணற்றை நம்பித்தான் இரண்டு ஏக்கர் மிளகாய் போட்டீர்கள். பக்கத்தில் கல்குவாரி வந்தது. வெடி வைக்கும்போதெல்லாம் கிணற்றுக்குள் கல் உதிர்ந்தது, ஊற்று குறைந்தது. பாறை முன்பே அப்படித்தான் இருந்தது என்று குவாரிக்காரர்கள் சாதித்தார்கள். மதுரையில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாறை விரிசல்களையே பாடமாக நடத்துகிற கொழுந்தன் எதற்கு இருக்கிறேன் என்று நானும் கேமராவோடு வந்து இறங்கினேன்.

விரிசல் எவ்வளவு அடர்ந்து கிளைக்கிறது என்று அளக்கிற ஃப்ராக்டல் கணக்கு ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. விரிசல் படத்தின்மேல் கட்டம் போட்டு, விரிசல் ஓடுகிற கட்டங்களை எண்ண வேண்டும். கட்டத்தைச் சிறிதாக்கி மறுபடி எண்ண வேண்டும். எண்ணிக்கை கூடுகிற வேகத்திலிருந்து ஓர் எண் கிடைக்கும். பாறை நொறுங்க நொறுங்க அது ஒன்றிலிருந்து இரண்டை நோக்கி நகரும். முதல் எண்ணை எடுத்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து அதிகாரியின் முன்னால் அதே சுவரில் இரண்டாவதை எடுத்து, கூடியிருப்பதைக் காட்டிவிட்டால், வெடிமருந்தைக் குறைக்க உத்தரவு வாங்கிவிடலாம் என்றிருந்தேன்.

அன்று என்ன எண்ணுகிறேன் என்று கேட்டீர்கள். இரண்டு தடவை கேட்டீர்கள். அது பெரிய கணக்கு, உங்களுக்குப் புரியாது என்று சிரித்தேன்.

ஆறு மாதம் கழித்து அதிகாரியோடு எட்டிப் பார்க்கிறேன், சுவர் மழமழவென்று இருக்கிறது. ஆபீசர் வருகிறார் என்று, மாட்டுக்கொட்டகைக்கு வைத்திருந்த சிமெண்டை எடுத்து, கொத்தனாரைக் கயிற்றில் இறக்கி, ஒரு விரிசல் விடாமல் பூசியிருந்தீர்கள். பூச்சைக் கொத்தினால் பழைய காயம் எது, புதுக் காயம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. பூசிய சுவரில் எண்ணினால் எண் குறைந்துதான் வந்தது.

"வெடி வச்சா பாறை ஒட்டிக்கிடும் போலருக்கே சார்" என்றார் குவாரி மேஸ்திரி. அதிகாரியும் சிரித்துவிட்டார். அந்த ஆத்திரத்தில் எல்லார் முன்னாலும் உங்களைத் திட்டினேன். நீங்கள் காப்பித் தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தீர்கள்.

"விரிசலுதான் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீகன்னா, அப்படியே விட்டிருப்பேனே தம்பி."

குவாரி இன்னும் ஓடுகிறது. உங்கள் மிளகாய்க் காட்டில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கோபம் உங்கள் மேல் என்று மேலே எழுதியது பொய்.

போன வாரம் திருச்சுழிப் பக்கம் இன்னொரு கிணறு. கேமராவை எடுக்குமுன் அந்த வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, மண்ணில் குச்சியால் கட்டம் போட்டு, எதை எண்ணுகிறேன், எதைத் தொடக்கூடாது என்று சொன்னேன். அவர் குச்சியை வாங்கி, கட்டத்தைச் சிறிதாக்கித் தானே எண்ணிக் காட்டினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மதினி.