சின்ன மாமா பாஸ் ஆன அன்று

மின்னி பே,
போர்ட் பிளேர்.

அன்பு மகள் ஷோபனாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் உன் சின்ன மாமாவும் சென்னையில் சுகம் என்பதை உங்கள் இருவர் வாயாலும் கேட்டுவிட்டதால் இந்தத் தடவை அதை விசாரிக்கவில்லை. போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ சிரிக்க ஆரம்பித்துவிட்டாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை இங்கே நடந்தது முழுவதும் உனக்குத் தெரிய வேண்டும்.

சிறுநீரகக் கல்லுக்கு ஆபரேஷன் என்று என் தம்பி காத்தமுத்துவை உன்னிடம் அனுப்பியதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அன்று காலை மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது உன் செய்தி வந்தது. மாமா பாஸ்டு திஸ் மார்னிங், நோ சர்ஜரி நவ், டோன்ட் ரஷ் என்று ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்ததும் எனக்கு சந்தோஷம்தான். எனக்குத் தெரிந்த பாஸ் எல்லாம் நல்ல பாஸ். நீ பரீட்சையில் பாஸ் ஆனாய், அப்பா கேட் பாஸ் காட்டித்தான் ஃபீனிக்ஸ் பே துறைமுக ஜெட்டிக்குள் வேலைக்குப் போகிறார், அவருடைய லீவு பாஸ் ஆனால்தான் நாங்கள் மெயின்லேண்ட் பக்கமே வருகிறோம். டாக்டர் வைத்த டெஸ்டில் மாமா பாஸ், இனி ஆபரேஷன் வேண்டாம் என்று விளங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டு ரவிக்குமாரிடம் பெருமையாகக் காட்டினேன். கப்பல் ஆபீஸ் கிளார்க், நாளெல்லாம் ஆங்கிலத்தில் எழுதுகிறவர். படித்ததும் முகம் மாறிப்போய், அக்கா கொஞ்சம் உக்காருங்க என்றார். மனுஷங்களைப் பத்தி இப்படி எழுதினா காலமாயிட்டார்னு அர்த்தம்க்கா, எங்க ஆபீஸ்ல இரங்கல் செய்தி இப்படித்தான் வரும் என்றார். மற்ற இரண்டு வரியையும் திரும்பப் படித்தோம். இனி ஆபரேஷன் எதற்கு, இனி அவசரம் எதற்கு என்றே அவையும் சொல்வது போல இருந்தது.

உனக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று நீ சொன்னது அப்போது நினைவில் நிற்கவில்லை, அழுகிற பெண்ணால் எடுக்க முடியுமா என்றுதான் தோன்றியது. தம்பி போனோ அணைந்து கிடந்தது. அப்பா ஜெட்டியிலிருந்து ஓடி வந்தார். எதிர்வீட்டு வங்காளி பாபி எங்களுக்காகக் கிச்சடி கிண்டி எடுத்து வந்துவிட்டாள். அண்ணனுக்குச் சொல்வதா என்று எனக்கு ஒரே குழப்பம். அண்ணன் பேசி முடித்த பெண்ணை, அண்ணியின் தங்கையை, நிச்சயதார்த்தத்தன்று காத்தமுத்து வேண்டாம் என்ற நாளிலிருந்து அண்ணனும் தம்பியும் முகம் பார்த்ததில்லையே. அப்பாதான், இதுக்குமா யோசிப்பே என்று பாராடாங் தீவில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணன் ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிட்டாராம்.

ஆனால் வந்துவிட்டார். ஃபெர்ரியில் கடலைக் கடந்து, காட்டுப் பாதையில் வண்டிகளை வரிசையாகச் சேர்த்து விடும் கடைசி கான்வாயில் பஸ் பிடித்து, பாக்குத் தோட்டத்தில் போட்டிருந்த கறைபட்ட சட்டையோடு சாயங்காலம் உள்ளே நுழைந்தவர் யாரையும் பார்க்காமல் நம் வீட்டில் தம்பி படுக்கும் கட்டிலில் போய் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போனேன். அமிர்தம், அவன் இருக்கான்ங்கிற தைரியத்துலதானே நான் பேசாம இருந்தேன் என்றார். உன் தாத்தா செத்தபோதுகூட அழாத மனிதர் ஷோபனா, தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதார்.

அப்போதுதான் உன் போன். ரவிக்குமார் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். வந்தது உன் குரல் இல்லை. அக்கா, கல்லு தானாவே வந்துடுச்சுக்கா, கத்தியே வேணாம்னுட்டாங்க, இட்லி தின்னுகிட்டு இருக்கேன் என்கிறான் என் தம்பி. பாபி க்யா ஹுவா, என்ன ஆச்சு என்று இந்தியில் கேட்டபடி ஒவ்வொருவர் முகமாகப் பார்க்கிறாள். அண்ணன் எழுந்தார். அவமானப்பட்டு வெளியே போய்விடுவார் என்றே நினைத்தேன். நேராக வந்து போனைப் பிடுங்கி, கல்லு எம்புட்டுப் பெருசுடா என்று கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக, மிளகு அளவுதாண்ணே என்று வந்தது. மெளகுக்காடா இந்தப் பாடு என்று சொல்லி அண்ணன் சிரித்தார், கண்ணைத் துடைக்கவும் இல்லை, போனை எங்களிடம் திருப்பித் தரவும் இல்லை.

ரவிக்குமார் வெட்கப்பட்டு இரண்டு நாளாக நம் வாசல் பக்கம் வரவில்லை, நான்தான் மீன் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரை நீயும் கேலி செய்யாதே, அவர் அறிந்த அர்த்தத்தை அவர் சொன்னார். கல் சிறுநீரோடு வெளியே வருவதையும் ஆங்கிலத்தில் பாஸ் என்றுதான் சொல்வார்கள் என்று இங்கே யாருக்குத் தெரியும். மாமாவைத் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல், தக்காளியைக் குறைக்கச் சொல். இனி உடம்பு விஷயம் எதுவானாலும் தமிழிலேயே எழுது, நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. நீயும் வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே.

அண்ணன் இன்னும் இங்கேதான் இருக்கிறார். தம்பி வந்து இறங்கும் வரை போகமாட்டாராம். அண்ணி என்ன சொல்வாளோ என்று எனக்கு உள்ளூர பயம்தான். அவள் இன்னும் யாரோடும் பேசவில்லை, ஆனால் நேற்று பாராடாங் பஸ்ஸில் அவருடைய பிரஷர் மாத்திரையும் வெளுத்து மடித்த வேட்டி நான்கும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

எல்லாத் தெய்வமும் உனக்குத் துணை நிற்கட்டும், நல்ல சொல்லே உன் காதில் விழட்டும். மாமாவுக்கு டிக்கெட் கிடைத்ததும் தேதியைச் சொல்ல மறக்காதே, அண்ணன் தினமும் கேட்கிறார்.

உன் அம்மா,
அமிர்தவல்லி