மறுநாள் பேப்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நூலகத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இங்கே பழைய பேப்பர்களை மாதவாரியாக பைண்டு செய்து வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குத் தர மாட்டார்கள், இங்கேயே பார்க்க வேண்டும். சந்தேகப்பட்டு வரவில்லை அப்பா. அம்மாவின் பெயரை ஒரு தடவை அச்சில் பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

அம்மா பஸ் விபத்தில் போய்விட்டாள் என்று நீங்கள் சொன்ன தேதியைப் புரட்டினேன். விபத்து எதுவும் இல்லை. நூலகரிடம் கேட்டேன், சிரித்துவிட்டார். "அன்னைக்கு நடந்தது மறுநாள் பேப்பர்லதானேம்மா வரும்?" போன உயிர் திரும்பி வந்தது. உங்களைப் போய் ஒரு நிமிடம் தப்பாக நினைத்துவிட்டேனே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

மறுநாள் பேப்பரை எடுத்தேன். முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: பஸ் ஊழியர் வேலைநிறுத்தம், நேற்று ஒரு பஸ்கூட ஓடவில்லை.

தேதியை மறந்திருப்பீர்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். வருஷம் தவறாமல் அந்தத் தேதியில் லீவு போட்டுவிட்டு அம்மா படத்தின் முன்னால் உட்காருகிறவராயிற்றே நீங்கள்!

அடுத்த அலமாரியில் டெலிபோன் டைரக்டரிகள் இருக்கின்றன. நூலகரிடம் அம்மாவின் பெயரைச் சொன்னேன்.

"இனிஷியல்?"

உங்கள் எழுத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அம்மாவைப் பெற்ற தாத்தாவின் எழுத்தைச் சொன்னேன்.

"எந்த வருஷத்து டைரக்டரிம்மா வேணும்?"

"இந்த வருஷத்தது" என்றேன். எடுத்துவரப் போயிருக்கிறார்.

உங்கள்
வாயாடி