எல்லை தாண்டும் பஸ்ஸு

ஆமாம்டா, இந்த வருஷப் பங்குனித் திருவிழாவுக்கும் நான் காப்புக் கட்டவில்லை. விடிந்ததும் அம்மா மஞ்சள் கயிற்றை நீட்டினாள்.

"எட்டு நாளு ஊர் எல்லையத் தாண்டாம இருக்க ஏலாதா ஒனக்கு?"

"ஏலாதும்மா. தெனமும் மருந்து குடிக்கணும்."

அவள் விரலில் இருந்த மஞ்சள் என் சட்டையில் ஒட்டிக்கொண்டது. அந்த வாசனையோடுதான் திருச்சுழி ரோட்டில் மதுரை பஸ்ஸுக்கு நிற்கிறேன்.

நாம் காலேஜை விட்டதும் போதை ஊசியைத் தொட்டதும் ஒரே மாதம். அதை விடுவதற்கு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஒரே பஸ்ஸில்தான். சின்னக் கப்பில் மெத்தடோன், ஊசிக்குப் பதிலான மருந்து. நர்ஸக்கா கண் முன்னால் குடித்து, மேலே தண்ணீரும் குடித்து, பேரைச் சொல்ல வேண்டும். வாயில் ஒளித்து வைத்துக்கொண்டு பேச முடியாதே. ஒருநாள் நீ பேருக்குப் பதிலாக, "அக்கா, சாப்டீகளா?" என்றாய்.

"பேரச் சொல்றா வெளக்கெண்ண" என்று அவரே சிரித்துவிட்டார்.

திரும்பும்போது ஜன்னலோரம் உனக்கு. காரியாபட்டி தாண்டினால் கரிசல் காடு வெயிலில் தண்ணீராக அசையும். சீமைக்கருவேல மரங்கள் மிதந்து வரும். நடுக்கம் இல்லை, வேர்வை இல்லை, உடம்பு சும்மா இருக்கும். "ஏலே, கடலுக்குள்ளயா போறோம்?" என்பாய். அப்படியே என் தோளில் தூங்கிப்போவாய்.

போன பங்குனியில் நீ காப்புக் கட்டினாய். நீ தேறினால் தீச்சட்டி எடுக்க வைப்பதாக உன் அம்மா நேர்ந்திருந்தாள்.

"சாமிக்கு எட்டு நாளு, பொறவு மருந்து. தாங்கிருவேன்லே. அக்காட்டச் சொல்லிறாத, வையும்."

சொல்லவில்லை. அக்கா தினமும் கேட்டார், "ஒன் ஜோடிய எங்கடா?" காய்ச்சல் என்றேன். ஐந்து நாளும் காய்ச்சல் என்றேன்.

ஆறாம் நாள் உடம்பு முறுக்கியதில் பழைய ஊசிக்கே போனாய், பழைய அளவிலேயே. மருந்து நின்ற நாட்களில் உடம்புக்கு அந்த அளவைத் தாங்கும் பழக்கம் போயிருக்கும் என்று எனக்குத் தெரியவந்தபோது நீ மண்ணுக்குள் இருந்தாய். கண்மாய்க் கரையில் கிடந்த உன் கையில் காப்பு அப்படியே இருந்தது. கடைசி வரை எல்லையைத் தாண்டவில்லை நீ.

அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா ஏதாச்சும் வழி பண்ணிருப்பேன்லடா" என்றார்.

இப்போதும் விழுங்கியதும் பேர் கேட்கிறார். என் பேரைச் சொல்கிறேன். உன் பேர் நாக்கிலேயே நிற்கிறது.

பஸ்ஸு வந்துவிட்டது. சாமிக்குக் கோபமென்றால் காரணத்தை நீயே சொல்லிவிடு. போகணும்டா.