பம்ப் ஓடுகிறது

அக்டோபர் 4

மகளிடம் சொல்லிவிட்டேன், அப்பாவை இழுத்துக்கொண்டுதான் வருவேன் என்று. "வரலன்னா?" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சுரங்கம் மூடி இரண்டு வருடமாகிறது. ஊரே மலையிறங்கி வந்துவிட்டது. பம்பை நிறுத்தினால் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறிவிடும், அப்புறம் திறக்கவே முடியாது என்று இவர் மட்டும் மேலே உட்கார்ந்திருக்கிறார். சம்பளம் நின்றதுகூட மனுஷனுக்கு உறைக்கவில்லை.

அக்டோபர் 6

ஜீப்பில் வந்து சேர்ந்தேன். மாதம் ஒருமுறை இவருக்குச் சாமான் கொண்டுவரும் டிரைவர்தான் அழைத்துவந்தார். நாளை மறுநாள் வந்து கூட்டிப்போவாராம். நாங்கள் குடியிருந்த தெருவில் கதவு, ஜன்னல், கூரைத் தகடு எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் அடுப்படியில் ஒரு செடி இடுப்புயரம் நிற்கிறது. அழவில்லை. அந்த வீட்டில் நான் பட்ட பாட்டுக்கு இப்போது அழ வேறு வேண்டுமா?

பள்ளத்தாக்கு முழுக்க ஒரே சத்தம்தான், பம்ப் இன்ஜின்.

இவர் பம்ப் கொட்டகையிலேயே கட்டில் போட்டிருக்கிறார். இளைத்துத் துரும்பாகிவிட்டார். என்னைப் பார்த்ததும், "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பெருக்கி வச்சிருப்பேனே" என்றார். எப்படிச் சொல்வது? இங்கே போன் எடுக்குமா? சிரித்துவிட்டேன். அதுதான் தப்பு. வந்த வேகமெல்லாம் போய்விட்டது.

அக்டோபர் 7

காலையில் இன்ஜினைத் துடைத்தார், எண்ணெய் விட்டார், காது வைத்துக் கேட்டார். என்னை இதில் பாதி கவனித்திருந்தால் என் முட்டிவலி என்றைக்கோ போயிருக்கும்.

அழுக்குச் சட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டு கேன்டீனுக்குப் பின்னால் போனேன். பம்ப் இறைக்கும் தண்ணீர் அங்கேதான் வந்து விழும். குளிர்காலத்திலும் வெதுவெதுப்பாக இருக்கும். பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான் துவைப்போம்.

குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தொட்டி காய்ந்து வெடித்திருக்கிறது. குழாயின் வாய்க்குள் குளவி கூடு கட்டியிருக்கிறது. இன்ஜின் சத்தம் மட்டும் அங்கே வரை கேட்கிறது.

ஐயோ, இந்த மனுஷனுக்குத் தெரியாதே — எப்படிச் சொல்வேன்? துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. இனி இவருக்கு இங்கே என்ன வேலை? வந்துதானே ஆக வேண்டும்.

மதியம் சொன்னேன். "குழாய்ல தண்ணி வரலங்க."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"போன மழைக்கு முன்னாடி. உள்ள பைப்பு முறிஞ்சிடுச்சு. தண்ணி ஏறிடுச்சு, இனிமே யாரும் எறங்க முடியாது."

"அப்ப சுரங்கம்?"

"அது முடிஞ்சுபோச்சு."

"அப்புறம் எதுக்குங்க ஓட்டுறீங்க?"

"இங்க நான் பம்ப் ஆபரேட்டர். அங்க வந்தா நான் யாரு?"

"என் புருஷன்" என்றேன்.

எண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டு இன்ஜின் பக்கம் போய்விட்டார்.

அக்டோபர் 8

இத்தனை நாள் அந்தச் சுரங்கத்தைத் திட்டித் தீர்த்தேனே, இவரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று. அது எப்போதோ விட்டுவிட்டது. இவருக்குத்தான் நாங்க வேணாம். வாயத் தொறந்து வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? நான் என்ன அடிக்கவா போறேன்?

ஜீப் வந்தது. என் பையை இவரே தூக்கி வந்து ஏற்றினார். "பாத்துப் போ" என்றார்.

அக்டோபர் 9

மகள் வாசலில் நின்றிருந்தாள். எனக்குப் பின்னால் ஒருமுறை பார்த்தாள்.

நவம்பர் 5

மழை பிடித்துக்கொண்டது. இன்றோடு சரி, அப்புறம் பாதை அடைபட்டுவிடும் என்று சொல்லிக்கொண்டே டிரைவர் வந்தார். "போன தடவையே சொல்லி அனுப்பினாரு. இருக்கறதே போதும், சாமான் எதுவும் வேணாம்னுட்டாரு, டீசல் மட்டும் கேட்டாரு. நீங்க சொன்னா எடுத்துட்டுப் போறேன், இல்லன்னா விட்டுடுறேன்" என்றார்.

"தண்ணியே வராத பம்புக்காம்மா?" என்றாள் மகள்.

நான் இரண்டு பீப்பாய் ஏற்றச் சொன்னேன். மழைக்காலம் முடியும்வரை வரும்.